உலகப் படிப்பும் ஒரு நீலப் பெட்டியும்

விமான நிலையக் கவுண்டரில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். விசாவைத் தவிர ஒரு பக்கத்திலும் ஒன்றும் இல்லை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புதுப் பாடப்புத்தகம் போல மணத்தன. அறுபது வயதைத் தாண்டிய ஒருவன் முதல் பாஸ்போர்ட்டோடு வந்து நிற்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"எங்கே போறீங்க, ஊலே?" என்று பர்மியில் கேட்டார். ஊலே என்றால் மாமா. யாங்கோனில் தலை நரைத்த எந்த ஆணும் எல்லோருக்கும் ஊலேதான்.

"தாய்லாந்துக்கு. படிக்க."

"யார் படிக்க?"

"நான்தான்."

பக்கத்துக் கவுண்டர்காரரை முழங்கையால் இடித்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன படிப்பு?"

"உலகளாவியக் கல்வி. உலகத்தைப் பற்றிய படிப்பு."

"இத்தனை வருஷம் பார்த்தது போதலையா?" என்று சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். நல்ல கனமான சத்தம். வேலையில் இருந்த காலத்தில் கப்பல் ஆட்களின் பாஸ்போர்ட்டில் அந்தச் சத்தம் விழுவதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவன் நான். எனக்கென்று விழுந்தது அன்றுதான்.

தரையிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தேன். எனக்கு அடுத்து நின்றவன் சரவணன். வயது இருபத்திரண்டு. புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கவுண்டரில் வைத்தான். அதே பல்கலைக்கழகம், அதே விமானம். எனக்கு இது ஓய்வுக்கால ஆசை. அவனுக்கு இந்த நகரத்திலிருந்து வெளியேற இருந்த ஒரே கதவு.

இளைஞர் அவன் பாஸ்போர்ட்டை முன்பக்கத்திலிருந்தே திறந்தார். பிறந்த தேதியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

மாணவனான கதை

ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லையா, கப்பல் கம்பெனியை விட்டு எப்போது இறங்குவீர்கள் என்று இந்தப் பத்தியின் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்த வாரம் இறங்குகிறேன். ஆனாலும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில், மாலுமிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் இருந்தேன். ஒருவன் நாட்டை விட்டுச் சட்டப்படி வெளியேற என்னென்ன வேண்டும், எது முதலில், எது எத்தனை நகல், எந்த மேஜையில் யார் இல்லாவிட்டால் யார் என்பதெல்லாம் எனக்குப் பாடம். எல்லோரையும் அனுப்பினேன். நான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியினைத் தாண்டி எங்கும் போனதில்லை.

பட்டம் உண்டு. அஞ்சல்வழிப் பட்டம். எங்கள் இளமையில் பல்கலைக்கழகங்கள் திறந்திருந்த நாட்களைவிட மூடியிருந்த நாட்கள்தான் நினைவில் நிற்கின்றன. வருடத்தில் சில நாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் சின்ன பெஞ்சில் எங்களை மடக்கி உட்கார வைத்து, வருடம் முழுவதையும் அவசரமாக வாசித்துத் தள்ளி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டம் கையில் வந்தது. பல்கலைக்கழகத்துப் புல்தரையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

ஓய்வு பெற்ற மழைக்காலத்தில் சான்சாவுங் பக்கம் ஒரு கட்டடத்தில் சமூகக் கல்லூரி விளம்பரம் பார்த்தேன். இரண்டு வருடம் இங்கே உலகளாவியக் கல்வி. தேறினால், சேர்த்த கிரெடிட்டுகளோடு தாய்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். விதிகளை வாங்கிப் படித்தேன். குறைந்தபட்ச வயது போட்டிருந்தார்கள். அதிகபட்ச வயது போட மறந்திருந்தார்கள். மறுநாளே விண்ணப்பித்தேன்.

என் மனைவி கோமதி அதை ஒரு நோயாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"ரிட்டயர் ஆனவங்க கோயிலுக்குப் போவாங்க, இல்லன்னா ஏரியைச் சுத்தி நடப்பாங்க. எங்க வீட்டுல டிஃபன் பாக்ஸ் கட்டித் தரச் சொல்றாரு" என்று தன்லியினிலிருந்து வந்த தங்கையிடம் சொன்னாள்.

"அத்தான், ஹோம்வொர்க் செஞ்சாச்சா?" என்றாள் தங்கை.

"நீ ராத்திரி தங்கறியா, போறியா? அதை முதல்ல சொல்லு. வார்டு ஆபீஸ் மூடிடுவான்" என்றேன்.

வேறு ஊரிலிருந்து யார் வந்து வீட்டில் இரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தெருவில் பலர் சோம்பலில் விட்டுவிடுவார்கள். நான் விட்டதில்லை. சோறு போடுவதற்கு முன் ஓடிப்போய் மச்சினிச்சியைப் பதிந்துவிட்டு வருகிறவன் என்று கோமதி என்னைப் பற்றிச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை.

மூன்றாம் மாடி

கல்லூரி மூன்றாம் மாடியில். கீழே போன் கடை, நடுவில் தையல் வகுப்பு, எல்லாவற்றுக்கும் மேல் உலகம். படிக்கட்டுச் சுவரெல்லாம் வெற்றிலைக் கறை. மழை நாளில் முப்பது பேரின் நனைந்த கைலிகளும் குடைகளும் சேர்ந்து அறையே ஈரநாய் போல நாறும். மின்சாரம் போனால், யாராவது "மீ போச்சு" என்று சொல்வதற்குள் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். ஸயாமா குரலை உயர்த்துவார். ஸயாமா என்றால் பெண் ஆசிரியர். அவர் பெயர் டோ மாலா. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பித்தவர். ஒரு காலையில் அந்த வேலை இல்லாமல் போனது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

முதல் வாரம் என்னைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி என்று நினைத்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

"மொபிலிட்டி" என்று ஒரு பாடம். மனிதர்களும் பொருள்களும் எல்லைகளைத் தாண்டி நகர்வது பற்றி. ஸயாமா கேட்டார்: "இங்கே யாரெல்லாம் ஒரு எல்லையைத் தாண்டியிருக்கீங்க? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"ஸயாமா, தன்லியின் பாலம் கணக்குல வருமா?" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வகுப்பு வெடித்தது. ஸயாமாவும் சிரித்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டவன் சரவணன்.

காகிதங்களில் அவன் பெயர் தூரா. பள்ளி, கல்லூரி, வார்டு எல்லாவற்றுக்கும் தூரா. வீட்டில், கோயிலில், அலோன் படகுத்துறைச் சந்துகளில் சரவணன். நம்மவர்களில் இரண்டு பெயர் இல்லாதவர் யார்? என் காகிதப் பெயரை என் மனைவியே எழுதிப் பார்த்துத்தான் சொல்லுவாள். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவன் வகுப்பில் ஊலே என்றும், படியிறங்கியதும் மாமா என்றும் கூப்பிட ஆரம்பித்தான். தமிழ் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் பர்மியில் போட்டு முடிப்பான்.

எனக்கு அவனை ஒரு வருடம் பிடிக்கவில்லை. காரணம் சாதாரணமானது. அவன் என்னைவிட நன்றாகப் படித்தான்.

உளுந்து

துறைமுகங்கள் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் துறை! ஒரு கப்பல் வந்து போவதற்குள் நடக்க வேண்டிய அத்தனை அனுமதிகளையும் வரிசை பிசகாமல் எழுதினேன். அடியில் ஸயாமா சிவப்பில் எழுதியிருந்தார்: "தகவல்கள் எல்லாம் சரி. கருத்து எங்கே?"

சரவணன் உளுந்தைப் பற்றி எழுதியிருந்தான். இந்த நாட்டு வயலில் விளைந்து, அலோன் கிடங்கில் மூட்டையாகி, கப்பலேறி, சென்னையில் இறங்கி, இட்லியாகும் உளுந்து. அவன் தாத்தாவின் தாத்தாவைக் கப்பலில் இங்கே கொண்டுவந்து இறக்கிய அதே கடல்வழி. "உளுந்துக்கு யாரும் வயது கேட்பதில்லை. போய் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பதில்லை. எங்கள் தெருவில் இருந்து இந்தியாவுக்குத் தடையில்லாமல் போகிற ஒரே தமிழ்ப்பொருள் அதுதான்" என்று முடித்திருந்தான். ஸயாமா அதை வகுப்பில் வாசித்தார்.

"உளுந்து தமிழ்ப்பொருளா? பர்மியக் குடியானவன் விளைச்சது" என்று படியிறங்கும்போது மடக்கினேன்.

"இட்லி ஆனப்புறம் தமிழ்தானே, மாமா."

"உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கே. ஏற்றுமதிக்கும் உரிமம் உண்டு, பூச்சிச் சோதனைச் சான்று உண்டு. சும்மா போயிடாது."

"அதான் சொல்றேன். பேப்பர் சரியா இருந்தா உளுந்து போயிடும்." சிரித்தான். "நீங்க உளுந்தா பிறந்திருக்கணும், மாமா. ரொம்ப சந்தோஷமா இருந்திருப்பீங்க."

கீழே டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவனே டீ சொன்னான். மறுக்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு தினமும் டீக்கடையில் சண்டை போட்டோம். ஒருநாள் அவன் வராதபோது டீ நன்றாக இல்லை.

அந்தச் சமயம்தான் இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வார்டுகளில் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தார்கள். வகுப்பில் பெஞ்சுகள் காலியாக ஆரம்பித்தன. ஒருவன் எல்லைப் பக்கம் போனான். ஒருவன் மடத்தில் துறவியானான். ஒரு பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள்; கல்யாணமானவளைப் பட்டாளத்துக்கு எடுக்கமாட்டார்கள். இன்னொருவனைப் பற்றிக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். வருகைப் பதிவின்போது ஸயாமா வராதவர்களின் பெயரையும் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதிலுக்குக் காத்திருப்பது போலக் கொஞ்சம் நிறுத்துவார். பாடத்தின் மிச்சமெல்லாம் எனக்கு மங்கிவிட்டது. அந்த நிறுத்தம் மறக்கவில்லை.

சரவணன் பெயர் இன்னும் வரவில்லை. அவன் வாயில் வேடிக்கை குறைந்துவிட்டது. "டிரான்ஸ்ஃபர் மட்டும் கிடைச்சிட்டா போதும் மாமா" என்பான். டீயில் பட்டர் ரொட்டியைத் தோய்ப்பான், தோய்த்ததை மறந்துவிடுவான்.

கடைசித் தேர்வில் தேறி மாற்றத்துக்குத் தகுதி பெற்றவர்கள் சில பேர்தான். சரவணன் முதல். நான் இரண்டாவது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். வீட்டில் பயந்தார்கள், அல்லது காகிதம் அமையவில்லை. மிஞ்சியது நாங்கள் இருவர்.

முருகனும் ரசீதும்

அடுத்த சில மாதங்கள் என் பொற்காலம். இத்தனை வருடம் அந்நியர்களுக்குச் செய்த வேலையை எனக்காகவும் ஒரு நண்பனுக்காகவும் செய்தேன். வார்டு பரிந்துரை, குடும்பப் பதிவின் நகல், போலீஸ் நற்சான்று, கல்லூரியின் கிரெடிட் பட்டியல், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு நோட்டரி, பல்கலைக்கழகத்தின் அழைப்பு, படிப்புக்கான பாஸ்போர்ட், விசா. ஒரு காகிதம் காலாவதியாவதற்குள் அடுத்ததை வாங்கிவிட வேண்டும். ஒன்று தவறினால் எல்லாம் முதலிலிருந்து. தவறவில்லை.

வார்டு அலுவலகத்தில் இருந்தவர் சரவணனை மேலும் கீழும் பார்த்தார்.

"படிக்கவா போறான், ஓடவா போறான்?"

"படிக்கத்தான். இதோ அழைப்பு. நானும்தான் போறேன்."

"நீங்க எதுக்கு ஊலே? இவனுக்குக் காவலா?"

"நான் இவன் வகுப்பு."

அவர் சிரிக்கலாமா என்று யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சரவணன் என்னைத் தோளில் தட்டினான்.

"மாமா, நீங்க பேப்பரை நம்பறீங்க. எங்கம்மா முருகனை நம்புது. ரெண்டு பேரும் ஒரே கேஸ்."

"முருகன் ரசீது தரமாட்டார்."

"ரசீது வெச்சிருக்கீங்களே, அதை வெச்சு யாரையாவது கேள்வி கேட்டிருக்கீங்களா?"

அப்போது நான் பதில் சொன்னேன். நல்ல பதில் என்று அன்று நினைத்தேன். இப்போது அது என்னவென்று நினைவில்லை.

புறப்படும் நாளின் முந்தைய மாலை அலோனில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அஞ்சலையம்மாள் நீலப் பெட்டி ஒன்றின் மேல் ஏறாத குறையாக உட்கார்ந்திருந்தார். கிடங்குகளில் பருப்பு தூற்றுகிற வேலை. விரலிடுக்கிலெல்லாம் வெள்ளைப் பொடி. பெட்டிக்குள் சட்டைகள், ஒரு பழுப்பு ஸ்வெட்டர், உலர் இறாலும் பூண்டும் மிளகாயும் வறுத்த பலாச்சாங் ஒரு பெரிய ஜாடி.

"அங்க குளிருமாமே, அண்ணே. இவன் ஜென்மத்துல ஸ்வெட்டர் போட்டதில்ல. பாத்துக்கங்க."

"எடை மீறும்மா" என்றேன்.

"மீறட்டும். உங்க பெட்டில என்ன இருக்கப் போவுது? ரெண்டு வேட்டியும் ஒரு மருந்து டப்பாவும். ரெண்டையும் சேத்துப் போட்டா சரியாப் போவும்."

அவர் கணக்கு சரி. விமானக் கம்பெனிக் கவுண்டரில் இரண்டு பெட்டியையும் சேர்த்து என் பெயரில் போட்டேன். நீலப் பெட்டியின் சீட்டை என் போர்டிங் பாஸில் ஒட்டினார்கள்.

மஞ்சள் கோடு

வரிசையில் நான் முன்னால் நின்றதற்குக் காரணம் உண்டு. கப்பல் ஆட்களை அழைத்துப்போகும்போது எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். யார் காகிதத்தில் கேள்வியே இல்லையோ அவனை முதலில் விடு. அதிகாரியின் கை முத்திரைக்குப் பழகட்டும். அடுத்தவன் அந்த வேகத்திலேயே போய்விடுவான். வருடக்கணக்காகப் பலித்த வழக்கம். கேள்வியே இல்லாதவன் நான். ஆகவே முன்னால் நின்றேன்.

கவுண்டர் இளைஞர் சரவணனின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழைப்பு, விசா, கல்லூரிச் சான்று. நான் அடுக்கிய வரிசை. கலைக்காமல் பார்த்தார். உள்ளே போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். அவரும் பார்த்தார்.

"பேப்பர் எல்லாம் சரியா இருக்கு" என்றார் பெரியவர். குரலில் கடுமை இல்லை. பாராட்டு என்றே சொல்லலாம். "ஆனா நீ போக முடியாது, தம்பி."

"ஏன்?"

"வயசு."

"படிக்கப் போறேன் ஸார். விசா இருக்கு. முன்னாடி போனவரும் அதே காலேஜ்தான்."

"அவர் போகலாம்."

நான் முன்னே நடந்தேன். கோட்டருகில் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தான்.

"ஊலே, இந்தப் பக்கம் வரக்கூடாது."

"இப்போதான் அங்கேயிருந்து வந்தேன்பா. அந்தப் பையனோட காகிதத்தை நான்தான் செஞ்சேன். ரெண்டு நிமிஷம் பேசணும்."

"நீங்க நாட்டை விட்டுப் போயாச்சு, ஊலே."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் சட்டம். முத்திரை விழுந்தவன் நாட்டில் இல்லாதவன். எத்தனையோ மாலுமிகளுக்கு நானே அதை விளக்கியிருக்கிறேன். வீட்டுச் சாவியைப் பாக்கெட்டிலேயே எடுத்து வந்துவிட்டேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்கிறாள், கொடுத்துவிட்டு வரட்டுமா என்று ஒருவன் கெஞ்சினான். முடியாது என்றேன். விதியைச் சொன்னேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

இருபது வயதுப் பிள்ளைகளோடு இரண்டு வருடம் உட்கார்ந்து உலகத்தைப் படித்தேன். எல்லைகள் மங்கி வருகின்றன என்று தடிமனான புத்தகம் ஒன்று சொன்னது. அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். அந்த வகுப்பிலேயே உலகத்துக்குப் போக அனுமதி கிடைத்தது, இனி உலகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒருவனுக்கு.

சரவணன் காகிதங்களைத் திரும்ப வாங்கினான். ஒன்றின் மேல் ஒன்றாக, நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே அடுக்கினான். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினான். அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் புரியாது.

"மாமா, போங்க! பெட்டி உங்க பேர்ல போயிடுச்சு!"

"இருடா, ரத்து பண்ணலாம், நான் வெளிய..."

"வேணாம்! ஒருத்தராவது போங்க. என்ன சொல்லித் தராங்கன்னு வந்து சொல்லுங்க."

புறப்பாட்டை ரத்து செய்து திரும்பி நாட்டுக்குள் வர ஒரு நடைமுறை இருக்கிறது. எனக்குத் தெரியும். கேட்கவில்லை. அவன் போகச் சொன்னான், அது ஒரு காரணம். எனக்குப் போக வேண்டும்போல இருந்தது, அது இன்னொரு காரணம். நான் பின்னால் நின்றிருந்தாலும் அவனைத் தடுத்திருப்பார்கள். அப்போது நான் உள்ளே இருந்திருப்பேன், அவ்வளவு வித்தியாசம்.

அவனை ஒரு பக்கக் கதவு வழியாக அழைத்துப் போனார்கள். சட்டையின் முதுகில் கடை மடிப்பு குறுக்காகத் தெரிந்தது.

புல்தரை

அங்கே புல்தரை இருந்தது. உட்கார்ந்தேன். ஈரம். அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் வருகைப் பதிவு. என் பெயருக்கு முன் தூரா என்ற பெயர் வந்தது. "வருவார்" என்றேன். மறுவாரமும் சொன்னேன். பிறகு அவனுக்காக ஒத்திவைப்பு விண்ணப்பம் ஒன்றை எழுதினேன். ஒரு பருவம் கிடைத்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரைநாள் யோசித்து, "பயணத் தாமதம்" என்று எழுதினேன்.

சரவணன் யாங்கோன் புறநகரான ஷ்வேப்யிதாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கும் வேலைக்குப் போயிருந்தான். வாரம் ஒருமுறை போனில் வருவான்.

"என்ன பாடம் நடந்துச்சு, மாமா?"

"சுதந்திர வர்த்தகம்."

"நான் இன்னிக்கு ஜெர்மனிக்குப் போற சட்டை பாத்தேன். நல்லா இருந்துச்சு. சட்டை போயிடும்." போனை வைப்பதற்கு முன், "ஸ்வெட்டரை நீங்க போட்டுக்கங்க" என்பான்.

"உன் பெட்டியை நான் திறக்கமாட்டேன். நீ வந்து திறந்துக்க."

பருவம் முடிய இருந்த சமயம் ஒரு வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரம் நான் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்று பெண் குரல் பர்மியிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

விடுமுறைக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. பல்கலைக்கழகம் காரணம் கேட்டது. அவர்கள் தந்திருந்த கட்டங்களில் "தனிப்பட்டது" என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஊருக்குப் போயிருக்கிறான்

இறங்கிய மறுநாளே நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு அலோனுக்குப் போனேன். அஞ்சலையம்மாள் வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"ஊருக்குப் போயிருக்கான், அண்ணே."

நம் சந்துகளில் இப்போது இளைஞன் இருந்த எல்லா வீட்டிலும் இந்தப் பதில்தான். பக்கத்து வீடும் இதையே சொல்லும், எதிர்வீடும் இதையே சொல்லும். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு ஏது ஊர்? கப்பலேறி வந்தவர்களின் ஊர்ப்பெயரே கொள்ளுப்பேரன்களுக்குத் தெரியாது. இல்லாத ஒரு ஊர் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவனைப் பிடித்துப்போனார்களா, எல்லை தாண்டினானா, காட்டில் இருக்கிறானா, அவருக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்ற நடைமுறை தெரியும். கேட்கவில்லை.

உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டியை அவரே திறந்தார். ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்தார். கடை வாசனைதான் வந்திருக்கும். பலாச்சாங் ஜாடியைத் திறந்து ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தார்.

"கெட்டுப் போகல" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து மூடி, பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே எடுத்துட்டுப் போங்க."

"உங்க வீட்டுப் பொருள்மா."

"இங்க வெச்சா, விசாரிக்க வர்றவங்க பாப்பாங்க. ஊருக்குப் போனவன் பெட்டி எடுக்காமப் போனானான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

வாசலில் இருந்து பார்த்தால் தெரியாதபடி அதை ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பழைய உளுந்துச் சாக்கு.

இப்போது அது எங்கள் வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. கோமதி வெள்ளிக்கிழமைகளில் வீடு துடைக்கும்போது அதையும் துடைக்கிறாள். போன வாரம் அவள் தங்கை வந்து ஒரு இரவு தங்கினாள். வழக்கம்போல வார்டு அலுவலகத்துக்குப் போனேன்.

"விருந்தாளி யாரும் உண்டா?" என்று கேட்டார், சரவணனுக்குக் கையெழுத்துப் போட்ட அதே மனிதர்.

"மச்சினிச்சி. ஒரு ராத்திரி."

"வேற?"

"வேற யாரும் இல்லை."

உண்மைதான். வெளியாள் ஒருவர் இரவு தங்கினால் பதிய வேண்டும். அவருடைய பெட்டி மட்டும் வந்து தங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.